பத்தாம் நம்பர் மெஷின்

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தி அந்தப் புகைப்படத்தைப் போட்டாளே, நம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேப். நீலத் திரைச்சீலை, பச்சைக் கார்ப்பெட், வாசலில் நம் செருப்புகள். யார் யார் என்று ஆளாளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வாசலை ஒட்டி, நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறது. அதற்கு மேலே ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் தெரிகின்றன. அது நான்தான்.

அதற்குக் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: "மிஸ் வீட்டுப் பொண்ணுல்ல, அதான் தனி மெஷின். நாமதான் மூணு மூணு பேரா இடிச்சுக்கிட்டுக் கெடந்தோம்." அதற்குப் பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன், மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். செல்போன் திரையில் கட்டைவிரலால் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. ஐம்பதை நெருங்கிவிட்டோம், எல்லோருக்கும் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் உங்கள் வகுப்பில் ஒரே ஒரு வருஷம்தான் படித்தேன், ஆறாம் வகுப்பு. அந்த ஜூன் மாதம்தான் அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். மூன்று வருஷ ஒப்பந்தம். அப்பா எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். என்னை ஆனையூரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள் அம்மா. அந்த அக்காதான், என் பெரியம்மாதான், நம் கணக்கு மிஸ். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளை கிடையாது. பெரியப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் ரேடியோவைத் தவிர யாரோடும் பேச மாட்டார்.

முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதே பெரியம்மா சட்டம் போட்டுவிட்டார். "ஸ்கூல்ல நான் பெரியம்மா இல்ல. மிஸ். மறந்தும் வேற மாதிரிக் கூப்பிட்டுரக் கூடாது. என்னைய வச்சு உனக்கு ஒரு சலுகையும் கிடையாது. நாளைக்கு ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாது." சொன்னபடியே செய்தார். தன் மொபெட்டில்தான் என்னை அழைத்துக்கொண்டு வருவார், ஆனால் பள்ளிக்கூட வாசல்வரை அல்ல. ஒரு தெரு முன்னாலேயே, பெட்டிக்கடைப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவார். நான் இறங்கி நடந்து வர வேண்டும். சாயங்காலமும் அதே பெட்டிக்கடைதான். அவர் வேலையெல்லாம் முடித்து வரும்வரை அங்கே தொங்கும் வாழைத்தாரில் எத்தனை பழம் குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு தெரு முன்னால் இறக்கிவிட்டால் உண்மை மறைந்துவிடுமா? முதல் வாரத்திலேயே உங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருப்பீர்கள். நான் டிபன் பாக்ஸோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். "அவ மிஸ் வீட்டுப் பொண்ணு. போட்டுக் குடுத்துருவா" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. யார் சொன்னது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும். நான் யாரையும் போட்டுக் கொடுக்கவில்லை. வீட்டில் பெரியம்மா என்னிடம் கேட்பதே இரண்டு கேள்விதான்: சாப்பிட்டியா, வீட்டுப்பாடம் முடிச்சியா. போட்டுக் கொடுக்க எங்கே இடம் இருந்தது?

ஆகஸ்ட் மாதம், வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த நன்கொடைப் பணத்தில், கம்ப்யூட்டர்கள் வந்தன. பத்துப் பெட்டிகள். மாடியில் தையல் வகுப்பு நடந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் ஏசி மாட்டி, கார்ப்பெட் விரித்தார்கள். அந்த அறையின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? புது கார்ப்பெட் பசை, ஏசியின் ஈரக்காற்று, எல்லாவற்றுக்கும் அடியில் பழைய தையல் மெஷின் எண்ணெய். யார் லேப்பைப் பார்த்துக்கொள்வது என்று கேள்வி வந்தபோது ஹெச்.எம். சிஸ்டர் பெரியம்மாவைக் காட்டிவிட்டார். கணக்கு டீச்சர் என்பதே தகுதி. பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெரியம்மா தினமும் ஒரு கோடு போட்ட நோட்டோடு போய்விட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்வார்: "முதல்ல ஸ்டெபிலைசர், அப்புறம் பெட்டி, அப்புறம் டிவி. நிறுத்தும்போது முதல்ல டிவி, அப்புறம் பெட்டி, அப்புறம் ஸ்டெபிலைசர்." திரைக்கு அவர் வைத்த பெயர் டிவி. அந்தக் காலத்தில் நம் எல்லோருக்கும் அந்த டிவிதான் கம்ப்யூட்டர். அடியில் கிடந்த பெட்டி அதற்குக் கரண்ட் கொடுக்கிற சாமான் என்றுதான் நினைத்தோம்.

தூசி படக் கூடாது என்று தையல் மிஸ் உறைகள் தைத்தார். திரைச்சீலையில் மிஞ்சிய துணி. ஒன்பது உறைக்குத்தான் துணி வந்தது. பத்தாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். திறப்பு விழா அன்றைக்கு ஃபாதர் வந்து மந்திரித்தார். வெள்ளிச் செம்பில் தீர்த்தம். பெரியம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். தண்ணீரும் கரண்டும் ஆகாது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஃபாதரிடம் எப்படிச் சொல்வது? உறை போட்டிருக்கிறதே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு கைகட்டி நின்றார். ஃபாதரோ தாராளமான மனுஷர். ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று வீச்சு. ஒன்பது மெஷின்களில் துணி நனைந்தது. பத்தாவதில் துணி இல்லை. தீர்த்தம் டிவியின் முதுகில் இருந்த ஓட்டைகளுக்குள் நேராக இறங்கியது.

மறுநாள் பத்தாம் நம்பர் டிவியில் வெளிச்சம் வரவில்லை. கம்பெனிக்கு எழுதினால் உடனே ஆள் வந்து மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் எப்படிக் கெட்டது என்று கேட்பார்களே. ஃபாதர் மந்திரித்ததால் கெட்டது என்று எந்தச் சிஸ்டர் எழுதுவார்? எந்த டீச்சர் எழுதுவார்? ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள், யாரும் எழுதவில்லை. பெரியம்மா வீட்டில் பெரியப்பாவிடம் சொன்னார்: "உள்ளுக்குள்ள காத்தாடி ஓடுது, பச்ச லைட் எரியுது. கரண்ட் வருது, உசுரு இல்ல." பெரியப்பா ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை.

உயிரில்லாத மெஷினை ஒளித்து வைக்கவும் முடியாது. பணம் கொடுத்தவர்கள் பத்து என்று எண்ணிப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். அதனால் பத்தாம் நம்பரை வாசல் பக்கமாக, முதுகு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார்கள். வாசலில் நின்று பார்ப்பவருக்குத் திரை தெரியாது; மற்ற ஒன்பதும் சுவரைப் பார்த்து இருந்ததால் உங்களுக்கும் தெரியாது. எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால் போதும், மெஷின் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை யார் என்பதுதான் மிச்சம்.

"நீ பத்தாம் நம்பர்ல உக்காரு" என்றார் பெரியம்மா, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி. மற்ற மெஷின்களுக்கு மூன்று மூன்று பேர். எனக்கு மட்டும் யாரும் இல்லை. நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்கு என்னமோ பரிசு கிடைத்துவிட்டதாக உங்கள் முகத்தில் இருந்தது. நான் போய் உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்த வரிசைப்படி சுவிட்சுகளைப் போட்டேன். எதிரே கறுப்புக் கண்ணாடி. அதில் என் முகம்தான் தெரிந்தது.

அன்றைக்கு வீட்டில் வாயைத் திறந்து கேட்டேன். "ஏன் பெரியம்மா எனக்கு மட்டும்?"

சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அடுத்தவங்க பிள்ளைய அங்க உக்கார வைக்க முடியுமா? அவங்க ஃபீஸ் கட்டுறாங்க. நம்ம பிள்ளன்னா நம்ம பொறுத்துக்கிறணும்."

'நம்ம பிள்ள' என்று அவர் சொன்னது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை. 'பொறுத்துக்கிறணும்' மட்டும்தான் விழுந்தது. ஒருவருக்கும் சலுகை காட்டவில்லை என்று நிரூபிக்கத்தான் பெரியம்மா என்னை அங்கே உட்கார வைத்தார். நீங்களோ தன் வீட்டுப் பிள்ளைக்குத் தனி மெஷினே கொடுத்துவிட்டார் என்று நினைத்தீர்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அப்படியே நினைக்கிறீர்கள். பாவம் பெரியம்மா. நல்லவேளை, இந்த வாட்ஸப்பைப் பார்க்க அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் லேப். பெரியம்மா பத்தாம் நம்பருக்கும் ஓர் உறை தைத்துவிட்டிருந்தார், தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். அதில் அவருடைய அலமாரியின் அந்துருண்டை வாசனை வரும். உறையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்வேன். உங்கள் ஒன்பது மெஷின்களிலும் பச்சை எழுத்துகள் ஓடும், நீங்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். நான் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, காதுக்கு நிஜமாகத் தட்டுகிற மாதிரி கேட்கும்படி சும்மா தட்டுவேன். அந்தச் சேலை உறை இப்போது எங்கே இருக்கும்? யாரிடமாவது இருந்தால் எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். நீலநிற ஏர்மெயில் காகிதம், மடித்தால் அதுவே உறை. சாப்பாட்டு மேஜையில் என்னை உட்கார வைத்து, பெரியம்மா எதிரே உட்காருவார். "ரேங்க் எழுது. காய்ச்சல் வந்துச்சுன்னு எழுதாத, அவ அங்க கெடந்து தவிப்பா." எழுதி முடித்ததும் வாங்கிப் படிப்பார். கடைசியில் இரண்டு விரல்கடை இடம் விடச் சொல்வார். அதில் தன் கையெழுத்தில் எப்போதும் ஒரே வரி: பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள், கவலைப்படாதே. அதைப் படித்துவிட்டு நாக்கால் பசையை நனைத்து நான்தான் ஒட்டுவேன். அந்தப் பசையின் தித்திப்பு இப்போது நினைத்தாலும் எனக்கு ஆகாது.

அக்டோபர் மாதமோ என்னவோ, கீழக்குயில்குடிக்குப் பிக்னிக் போனோமே. தாமரைக் குளத்தங்கரையில் புளிசாதம். மலை ஏறும்போது இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரச் சொன்னார்கள். எனக்குக் கை கிடைக்கவில்லை. மேலே சமணத் துறவிகள் படுத்த கல்படுக்கைகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குத்தான், தலைமாட்டில் சின்ன மேடு. நீங்கள் எல்லாம் இறங்கிப் போனபிறகு நான் ஒன்றில் படுத்துப் பார்த்தேன். கல் குளுகுளுவென்று இருந்தது. தனியாக இருப்பதற்கென்றே ஆட்கள் ஊரை விட்டு இவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. கீழே யாரோ தலையை எண்ணி, ஒரு தலை குறைகிறது என்று கத்தினார்கள். கத்தியது பெரியம்மா. மூச்சு வாங்க அவரே மறுபடி மேலே ஏறி வந்தார். என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார், பிறகு அந்தக் கையாலேயே காதைப் பிடித்துத் திருகினார். காது வலி ஞாபகம் இருந்த அளவுக்கு நெஞ்சில் வைத்த கை ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. இப்போதுதான் வருகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை, முதல் தடவையாக, சும்மா தட்டாமல் வார்த்தையாகத் தட்டினேன். அம்மா. இங்கிலீஷ் எழுத்தில்தான், அதில் தமிழ் ஏது? மலைக்குப் போனதை எழுதினேன், கை கிடைக்காததை எழுதினேன். ஒன்றும் தெரியவில்லை. உயிரில்லாத மெஷின், யார் படிக்கப் போகிறார்கள்? அதனால் எழுத எழுதத் தைரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தில் எழுத முடியாததை எல்லாம் வெள்ளிக்கிழமை கறுப்புக் கண்ணாடிக்குச் சொன்னேன். பீரியட் முடிந்ததும் வரிசைப்படி அணைப்பேன். சுவிட்சை அணைக்காமல் போனால் ஒரு மாதம் லேப் கிடையாது என்பது பெரியம்மா சட்டம். அணைத்ததும் எல்லாம் போய்விடும். வாரம் முழுக்க அந்த நாற்பது நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன். அம்மாவுக்கு இது தெரிய வேண்டும், தெரிந்தால் வந்து கூட்டிப்போவாள் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை. தெரிவிக்கத்தான் வழியில்லை.

பிப்ரவரியில் வெளிநாட்டிலிருந்து பணம் கொடுத்தவர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் லேப்புக்குள்ளேயே வருவார்களாம். ஹெச்.எம். சிஸ்டர் வேறு வழியில்லாமல் ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னார். வந்தவர் ஒல்லியாக, சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவரோடு இருந்தார். ஒரு பழைய டிவியையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அது வெள்ளிக்கிழமை. நான் அரை மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, கொஞ்சம் எந்திரி" என்றார். பெட்டியைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "யக்கா, மெஷினு நல்லாத்தான் ஓடுது. டிவி மட்டுந்தான் அவுட்டு. இம்புட்டு நாளா இத யாரும் சொல்லலையாக்கும்?"

எனக்கு அது புரிவதற்குள் அவர் வயரைக் கழற்றித் தான் கொண்டுவந்த டிவியில் செருகிவிட்டார். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைத்துவிட்டிருக்கலாம். ஏன் அணைக்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். யாராவது ஒருத்தர் படித்துவிடட்டும் என்று உள்ளே எங்கோ ஆசை இருந்திருக்க வேண்டும்.

மெதுவாகப் பச்சையாக எழுத்துகள் வந்தன. மேலிருந்து கீழ்வரை. "அம்மா..." என்று மெக்கானிக் எழுத்துக் கூட்டினார், "என்னக்கா இது, லெட்டராட்டம் இருக்கு?" பெரியம்மா சேலைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் அவருடைய உதடுகளைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி அசைந்தன.

அதில் இருந்தது இதுதான். அம்மா, லெட்டர்ல இருக்கறது பூரா பெரியம்மா சொல்லி எழுதுனது. நான் நல்லா இல்லம்மா. இங்க யாரும் என்கிட்டப் பேச மாட்டேங்குறாங்க. ஸ்கூல்ல பெரியம்மா என்னத் தெரியாத மாதிரி இருக்காங்க. வீட்டுலயும் மிஸ்ஸாத்தான் இருக்காங்க. பெரியம்மா கெட்டவங்க இல்ல. ஆனா எனக்கு இங்க யாரும் இல்ல. நீ வந்து என்னயக் கூட்டிட்டுப் போயிரு.

"அழிச்சிரவாக்கா?" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி.

பெரியம்மா நிமிர்ந்தார். "பிரிண்ட் வருமா தம்பி?"

"வரும்."

"போடுங்க."

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மெஷினைச் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பெரியம்மா காகிதத்தின் இரண்டு ஓரங்களிலும் இருந்த ஓட்டைப் பட்டையை நிதானமாகக் கிழித்தார். நாலாக மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். "அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றார் வகுப்பைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமும் பெட்டிக்கடைதான். அடி விழும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வந்தார், ஏறினேன், ஆனையூர் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. சனிக்கிழமையும் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் நீல ஏர்மெயில் காகிதம் இல்லை. ஏர்மெயிலுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பதால் வெளிநாட்டுக்கு வேண்டிய தபால்தலை ஒட்டிய வெள்ளைக் கவர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். நாலாக மடித்த அந்தப் பிரிண்டை என் கண் முன்னாலேயே அதற்குள் வைத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். "அட்ரஸ எழுது."

எழுதினேன். மஸ்கட் கோணலாகப் போனது. "நீங்க ஒரு வரி எழுதலையா பெரியம்மா?"

"என்னத்த எழுத?" என்றார். பசையை அவரே நனைத்து ஒட்டினார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் பத்தாம் நம்பர் மெஷின் மற்ற ஒன்பதைப் போலவே பளிச்சென்று எரிந்தது. என்னால் அதில் ஒரு எழுத்துகூடத் தட்ட முடியவில்லை. எழுதுவது கண்ணுக்குத் தெரிகிறது என்றதும் கை நின்றுவிட்டது. பாடத்தில் இருந்த பயிற்சி வரியையே திரும்பத் திரும்பத் தட்டினேன். பணம் கொடுத்தவர்கள் வந்தார்கள், பத்து எண்ணினார்கள், படம் எடுத்தார்கள். நீங்கள் குழுவில் போட்டது அந்தப் படம்தான். பெரியம்மா படத்தில் இல்லை. யாராவது கேமராவை எடுத்தால் அவர் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்.

மார்ச் மாதம் பக்கத்து வீட்டுக்கு அம்மாவின் போன் வந்தது. வார்த்தை எதுவும் சரியாகக் கேட்கவில்லை, அழுகைதான் கேட்டது. பிறகு கேட்டது: "மே மாசம் வந்துருவேன்டி தங்கம். ஒப்பந்தம் கிடக்கட்டும். திண்டுக்கல்லுல ஆஸ்பத்திரில கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம்." நான் அந்த வீட்டுப் படியிலிருந்து குதித்து ஓடி வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, சந்தோஷம்" என்றார். உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். நான் என் சந்தோஷத்தில் இருந்தேன். என்னை அனுப்பிவைப்பதில் அவருக்கும் நிம்மதிதான் என்று நினைத்துக்கொண்டேன். வெகு காலம் அப்படியே நினைத்தேன். 'பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள்' என்று ஒன்பது மாதமாக எழுதிக்கொண்டிருந்தவர், தான் எழுதியது பொய் என்று தன் தங்கையிடமே ஒப்புக்கொண்டு, இருந்த ஒரே பிள்ளையையும் அந்தக் கவருக்குள் வைத்து அனுப்பினார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை லேப்புக்குப் போனேன். சுங்குடி உறையை எடுத்து மடித்து, சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது. கெட்டுவிட்டதோ என்று பதறிவிட்டேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி ஓடியது. அப்புறம்தான் திரைக்குக் கீழே இருந்த சின்னத் திருகைத் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைக்கிற திருகு. கடைசிவரை இடது பக்கம் திருப்பப்பட்டிருந்தது. மற்ற ஒன்பது டிவிகளிலும் அதை யாரும் தொடவில்லை. லேப் சாவி ஒரே ஒருத்தரிடம்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா அறையின் அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உங்கள் மெஷின் ஒன்றில் குனிந்து என்னவோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நாற்பது நிமிஷமும் என் பக்கம் வரவில்லை, திரும்பவும் இல்லை.

நான் திருகைத் தொடாமல் விட்டுவிட்டேன். இருட்டில் தட்ட ஆரம்பித்தேன். இந்தத் தடவை முதல் வார்த்தை அம்மா இல்லை. பெரியம்மா என்று தட்டினேன். பிறகு ஒரே ஒரு வரி எழுதினேன். பெரியம்மா, இன்னைக்கு என்னய ஸ்கூல் வாசல்லயே ஏத்திக்கோங்க.

மணி அடித்தது. நீங்கள் எல்லாம் வரிசைப்படி அணைத்தீர்கள். நான் அணைக்கவில்லை. ஒரு மாதத் தண்டனைக்குத் துணிந்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மேலேயே உறையைப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

பெட்டிக்கடைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில், வேனுக்காக நின்ற உங்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். திருகைத் திருப்பாமலே அவர் பெட்டியை அணைத்திருந்தால்? படித்துவிட்டும் பேசாமல் பெட்டிக்கடைக்கே போய்விட்டால்? பத்து நிமிஷம் போயிருக்கும். மொபெட் சத்தம் கேட்டது.

வண்டி வாசலைத் தாண்டவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றது. பெரியம்மா ஒரு காலைத் தரையில் ஊன்றி, பையை முன்னால் மாட்டி, பின் சீட்டைக் கையால் துடைத்தார்.

"ஏறு தங்கம்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி.

ஏறி உட்கார்ந்தேன். அதுவரை சீட்டின் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து உங்களில் ஒருத்தி சொன்னது கேட்டது: "பாத்தியா, மிஸ் வீட்டுப் பொண்ணு." பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை. தன் வயிற்றுமேல் கோத்திருந்த என் கைகளை இடது கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம் இருந்தது. ஐந்து வாரமும் காலையிலும் சாயங்காலமும் வாசலில்தான்.

பெரியம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு உங்களில் நாலு பேர் மாலையோடு வந்தீர்கள், நன்றி. அந்தத் திருகைப் பற்றி நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

குழுவில் எழுதி எழுதி அழித்த பதில் இவ்வளவுதான்: ஆமாம், நான் மிஸ் வீட்டுப் பொண்ணுதான்.